பிக் அப்: மெக்கானிக் கடையில் எல்லாருக்கும் புரிகிற ஆங்கிலம்

ஃப்ரேஸல் வெர்ப், அதாவது ஒரு வினையோடு அப், ஆஃப் மாதிரி சின்னச் சொல் ஒட்டி வேறு அர்த்தம் தரும் ஜோடி, என்றதும் என்னிடம் பேச்சு ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரு பட்டியல்தான். "மொத்தம் எத்தனை இருக்கு, லிஸ்ட் இருந்தா அனுப்புங்க, மனப்பாடம் பண்ணிடறேன்." நான் அனுப்புவதில்லை. பட்டியலைப் படித்து யாரும் பேசக் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதில் இருக்கிற பயங்கரமான ஆசாமிகளில் ஒருவரை இவர்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும், யாரும் உட்கார்ந்து படிக்காமலே தெரியும். பிக் அப்.

சந்தேகமிருந்தால் ஏதாவது ஒரு டூவீலர் மெக்கானிக் கடை வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். "அண்ணே, வண்டி பிக்கப்பே இல்லண்ணே, மேட்டுல ஏறவே மாட்டேங்குது." அவர் ஆக்ஸிலேட்டரை ரெண்டு முறுக்கு முறுக்கிவிட்டு, கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், பிளக்கில் கார்பன் பிடித்திருக்கும் என்று வரிசையாகச் சொல்வார். (2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாகக் காணாமல் போய்விட்டது, அதன் மேல் பழி போடும் வசதிதான் அவருக்குக் குறைந்துவிட்டது.) அதே கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் "படம் முதல் ரெண்டு நாள் டல்லா இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை பிக்கப் ஆயிடுச்சு" என்பார். இன்னொருவர் போனில் "ஸ்டேஷனுக்கு வந்து என்னை பிக்கப் பண்ணிக்கோ" என்று சொல்லிக்கொண்டிருப்பார். "என் பொண்ணு ஒரு தடவை கேட்டா போதும், பாட்டை அப்படியே பிக்கப் பண்ணிடுவா" என்பதும் உண்டு. சாமான் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று அந்தப் பக்கமாகப் போகும். அப்புறம், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, எவன் யாரை பிக்கப் பண்ணினான் என்ற கதையும் வரும்.

வேகம், வசூல், அழைத்துப்போவது, கற்றுக்கொள்வது, வாகனம், காதல். ஆறு வெவ்வேறு பொருள், ஒரே சொல், அந்தக் கடையில் ஒருவருக்கும் குழப்பமில்லை. எப்படி? பக்கத்தில் நிற்பது வண்டியா, படமா, பாட்டா, ஆளா என்று காது தானாகவே பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலேயர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். இந்தப் பதிவில் நான் சொல்ல நினைப்பது அவ்வளவுதான்: பிக் அப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள், எதை பிக் அப் என்று கேளுங்கள்.

இதற்கு வகுப்பில் நான் வழக்கமாகச் சொல்வது கார்பேத்தியா கப்பலின் கதை. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய பிறகு, நள்ளிரவு தாண்டி அதன் அபாய அழைப்பு கார்பேத்தியாவின் வயர்லெஸ் ஆபரேட்டர் ஹரால்டு காட்டமுக்குக் கிடைத்தது. இதை ஆங்கிலத்தில் எழுதினால் அவர் அந்த சிக்னலை பிக் அப் செய்தார். கேப்டன் ராஸ்ட்ரான் உடனே கப்பலைத் திருப்பச் சொன்னார், பயணிகளின் அறைகளைச் சூடாக்கப் போய்க்கொண்டிருந்த நீராவியைக்கூட நிறுத்தி எல்லாவற்றையும் எஞ்சினுக்கே அனுப்பச் சொன்னார், கப்பல் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடியது. அதாவது ஸ்பீடை பிக் அப் செய்தது. விடியற்காலை நான்கு மணி வாக்கில் போய்ச் சேர்ந்து, உயிர்ப்படகுகளில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. இதுவும் பிக் அப். காற்றில் வந்ததைப் பிடித்தது, வேகம் கூடியது, ஆட்களைக் கடலிலிருந்து ஏற்றியது என்று மூன்றும் ஒரே இரவில், ஒரே கப்பலில். ஒரு பத்திரிகைக்காரர் மூன்று இடத்திலும் இதே சொல்லைப் போட்டிருந்தாலும் படிக்கிறவர் எங்கேயும் தடுமாறியிருக்க மாட்டார்.

சரி, இதற்குள் ஏதாவது ஒரு சரடு ஓடுகிறதா? ஓடுகிறது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எல்லா இடத்துக்கும் நீளாது. பிக் என்பதைத் தனியாக எடுத்தால் விரல் நுனியால் செய்கிற வேலை: பூப் பறிப்பது, பல் குத்துவது, நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதோடு அப் சேர்ந்ததும் கீழே கிடந்தது கைக்கு வருகிறது. அங்கிருந்து, நான் தேடிப் போகாமலே வழியில் கைக்கு அகப்பட்டது என்ற பொருள் கிளைக்கிறது. தெருவில் விளையாடும்போது கற்றுக்கொண்ட தெலுங்கு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமிருந்து தொற்றிய சளி, ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம், வரும் வழியில் வாங்கி வந்த பால் பாக்கெட் என எல்லாவற்றுக்கும் பிக் அப் பொருந்துவது இதனால்தான். இதிலேயே ஒரு நுணுக்கமும் இருக்கிறது. ஒருவர் ஐந்து வருடம் கல்லூரியில் பிரெஞ்சு படித்துப் பட்டம் வாங்கியிருந்தால் அவர் பிரெஞ்சை பிக் அப் செய்தார் என்று சொல்ல மாட்டார்கள். பாண்டிச்சேரியில் கடை வைத்திருந்தபோது வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசி வந்ததென்றால் சொல்வார்கள். அந்தச் சளியும் அப்படித்தான், யாரும் திட்டம் போட்டு வாங்குவதில்லை. இன்னொரு பக்கம் அப் என்பது மேலே ஏறுவதைக் காட்டுகிறது: காற்று பிக் அப் ஆகிறது, வியாபாரம் பிக் அப் ஆகிறது, நோயாளி கொஞ்சம் பிக் அப் ஆகிறார். இங்கெல்லாம் யாரும் எதையும் எடுக்கவில்லை, அதுவாக ஏறுகிறது.

இது நமக்கு மட்டும் கஷ்டமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1755-ல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதன் முன்னுரையிலேயே இந்த ஜோடிச் சொற்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வினைச்சொல்லின் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தை மாற்றும் இந்தப் பழக்கம் வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் என்று ஒப்புக்கொண்டு, அதனால்தான் அவற்றைக் கவனமாகச் சேகரித்ததாகச் சொல்கிறார். ஆனால் ஃப்ரேஸல் வெர்ப் என்ற பெயர் பரவலானது அதற்கு ரொம்பக் காலம் கழித்து, 1925-ல், லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர் ஆங்கிலச் சொல்வழக்குகளைப் பற்றிய தன் புத்தகத்தில் எழுதிய பிறகு. அதே 1925-ல்தான் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி காரின் பின்பக்கத்தில் திறந்த பெட்டி ஒன்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, பிக்கப் பாடி என்று பெயரிட்டு 281 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் பிடிக்கும், அவ்வளவுதான்.

"தமிழில் இப்படியெல்லாம் இல்லையே, நேராத்தானே சொல்றோம்" என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள். அப்போது போர்டில் எழுதிக் காட்டுவேன்: எழுதிவிட்டான், எழுதிக்கொண்டான், எழுதிக் கொடுத்தான், எழுதிப் பார்த்தான், எழுதித் தள்ளினான். இதில் கடைசி ஆள் எதைத் தள்ளினான்? ஒன்றையும் தள்ளவில்லை, நிறைய எழுதினான். "எழுதிப் பார்த்தான்" என்றால் கண்ணால் பார்த்தது கிடையாது, முயன்றது. தமிழ் கற்றுக்கொள்ளும் வெள்ளைக்காரர் ஒருவர் நம்மிடம் வந்து இதற்கொரு லிஸ்ட் கேட்டால் நாம் என்ன செய்வோம்? அவர்கள் வினைக்குப் பின்னால் அப், ஆஃப் என்று ஒட்டுகிறார்கள், நாம் இன்னொரு வினையையே கொண்டுவந்து ஒட்டுகிறோம். பிக் அப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால் நம் "எடு" இருக்கிறது. போனை எடு, வேகமெடு, குறிப்பெடு, தத்தெடு, ஓட்டமெடு, பசியெடு. பசி எதை எடுக்கிறது என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் கேட்டதில்லை. இதில் போனும் வேகமும் பிக் அப்போடு அப்படியே பொருந்துகின்றன, தத்தும் பசியும் பொருந்தாது. பாதி பொருந்தி பாதி பொருந்தாமல் இருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அந்தத் தைரியத்தில் மீதியையும் அப்படியே மாற்றிவிடத் தோன்றும். லீவு எடுத்தேன், போட்டோ எடுத்தேன் என்பதற்கெல்லாம் டேக் வரும், பிக் அப் எட்டிக்கூடப் பார்க்காது.

சங்கீதத்தில் மட்டும் ஒரு வேடிக்கை. மேற்கத்திய இசையில், முதல் அழுத்தத்துக்கு முன்னால் பாட்டு கொஞ்சம் சீக்கிரமே கிளம்பினால், அந்த முன்னோட்ட ஸ்வரங்களை பிக்கப் என்பார்கள். பிறந்தநாள் பாட்டில் "ஹேப்பி" என்கிற இரண்டு அசையும் பிக்கப், முதல் அழுத்தம் "பர்த்" மேலேதான் விழுகிறது. நம்மிடம் தாளத்தில் பாட்டு எந்த இடத்தில் கிளம்புகிறது என்பதற்குப் பெயர் எடுப்பு. இரண்டும் ஒன்றே என்று சொல்ல முடியாது, எடுப்பு தாளத்தோடு சமமாகவும் வரலாம், முன்பின்னாகவும் வரலாம். இருந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்காமல் இரண்டு பேரும் எடுப்பதிலேயே போய் நின்றிருக்கிறார்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் சுருளும் சேர்ந்த அந்தச் சின்னப் பட்டைக்கும் பிக்கப் என்றே பெயர், அது கம்பியின் அதிர்வை வாங்கி மின்சாரமாக்கி அனுப்புகிறது. அது கார்பேத்தியாவின் வயர்லெஸ் வம்சம்.

இனி இலக்கணம். இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள் என்றாலும் விதி சின்னது. பிக்கும் அப்பும் பிரியக்கூடியவை. "பிக் அப் த பேக்" என்றும் சொல்லலாம், "பிக் த பேக் அப்" என்றும் சொல்லலாம். ஆனால் இட், ஹிம், ஹெர், தெம் மாதிரி பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: "பிக் இட் அப்". "பிக் அப் இட்" என்று எந்த ஊர் ஆங்கிலத்திலும் இல்லை. எடுக்க வேண்டிய பொருளின் வர்ணனை நீளமாக இருந்தால், நேற்று மதுரையிலிருந்து மாமா அனுப்பிய அந்தப் பெரிய பார்சலை என்பது மாதிரி, பிரிக்காமல் விடுவதே நல்லது. அப் கடைசியில் வந்து சேருவதற்குள் கேட்கிறவருக்கு வாக்கியத்தின் ஆரம்பம் மறந்துவிடும். காற்றோ வியாபாரமோ தானாக ஏறும்போது செயப்படுபொருளே கிடையாது, அங்கே பிரிக்க எதுவும் இல்லை. இறந்தகாலத்தில் வால் பிக்கில்தான் முளைக்கும், அப்பில் முளைக்காது. பிக்ட் அப். "ஐ பிக்கப்டு ஹிம்" என்று வேகத்தில் சொல்கிறவர்கள் உண்டு, தமிழில் பிக்கப்பை ஒரே சொல்லாகப் பழகிவிட்டதன் விளைவு அது.

உச்சரிப்பில் ஒரு விஷயம் எந்த லிஸ்டிலும் வராது. வினையாக வரும்போது அழுத்தம் அப்பில் விழும். பெயர்ச்சொல்லாக, வண்டியாகவோ கிட்டார் பட்டையாகவோ வரும்போது அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும், எழுத்திலும் இரண்டு சொல் ஒன்றாகிவிடும், பிரிட்டிஷ்காரர்கள் சிலசமயம் நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். நாம் எல்லாவற்றையும் முதல் அசையில் அழுத்தியே சொல்கிறோம், அதனால் "பிக்கப் பண்றேன்" என்று கேட்கும் வெளிநாட்டாருக்கு முதலில் ஒரு லாரி ஞாபகம் வந்தாலும் வரலாம்.

மற்ற பொருள்களில் எனக்குப் பிடித்தவை சில. ஹோட்டல் பில்லை பிக் அப் செய்வது என்றால் காகிதத்தைக் கையில் எடுப்பதோடு முடியாது, பணமும் கொடுக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வதும் பிக் அப்தான். போலீஸ் ஒருவரை பிக் அப் செய்தால் வீட்டில் கொண்டுபோய் விட இல்லை, விசாரணைக்கு. நம் பேச்சிலும் "போலீஸ் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்பதில் அதே தூக்கல்தான். பிரிட்டனில் ஒருவரை ஒரு விஷயத்தில் பிக் அப் செய்தார்கள் என்றால் அவர் செய்த பிழையைச் சுட்டிக் காட்டினார்கள் என்று பொருள். ஏதோ பாராட்டித் தூக்கிவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காது. அமெரிக்காவில் அம்மா பையனிடம் அறையை பிக் அப் செய்யச் சொன்னால், சிதறிக் கிடப்பதை எடுத்து ஒழுங்குபடுத்தச் சொல்கிறார். நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற பூங்காக்களில் அங்கே ஒரு பலகை இருக்கும்: "பிக் அப் ஆஃப்டர் யுவர் டாக்". எதை எடுக்க வேண்டும் என்பதை மரியாதை கருதி எழுதாமல் விட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் 1978-லிருந்தே இதற்குச் சட்டம் உண்டு, எடுக்காவிட்டால் அபராதம். ஹாலிவுட்டில் முக்கியப் படப்பிடிப்பு முடிந்த பிறகு விட்டுப்போன சின்னச் சின்ன ஷாட்களைப் போய் எடுத்து வருவதும் பிக்கப்தான், கோடம்பாக்கத்தில் அதற்கு பேட்ச் ஒர்க் என்று ஆங்கிலேயனுக்கே புரியாத ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறோம்.

கிரிக்கெட் வர்ணனையைக் கவனித்தால் அப்பின் வேலை இன்னும் தெளிவாகும். பேட்ஸ்மேனால் கூக்ளியை "பிக்" பண்ண முடியவில்லை என்பார்கள், அங்கே அப் கிடையாது, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்கவில்லை என்று பொருள். ஃபீல்டர் ஓடிவந்து பந்தைக் குனிந்து எடுத்து எறிந்தால் "பிக்கப் அண்ட் த்ரோ". பௌலர் மூன்று விக்கெட் பிக் அப் செய்தார் என்றால் அவருக்கு அவை கிடைத்தன. அப் ஒட்டுவதும் ஒட்டாததும் அலங்காரம் இல்லை.

காதல் விவகாரத்துக்கு வருவோம். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ப் பேச்சுக்கொடுத்து வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பதும் ஆங்கிலத்தில் பிக் அப்தான், அதற்காகவே தயாரித்து வைத்த அசட்டு வசனத்துக்கு பிக்கப் லைன் என்று பெயர். இதையே தொழில்போலச் செய்கிறவர்கள் தங்களை ஆர்ட்டிஸ்ட் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள். தரையில் கிடப்பதைக் கையால் எடுப்பதற்குத் தமிழில் பொறுக்குவது என்று ஒரு சொல் இருக்கிறது. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல்லை நம் ஊர்ப் பெண்கள் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துச் சொல்கிறார்கள், அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தனிப்பட்ட தொல்லை உண்டு. பள்ளிப் புத்தகம் வழியாக ஆங்கிலம் வந்ததால் கலெக்ட், ரிசீவ், ரெஸ்யூம், அக்வயர், டிடெக்ட் எல்லாம் முதலில் வந்துவிடுகின்றன. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த இரண்டு வயசுக் குழந்தைக்கு அக்வயர் தெரியாது, ஆனால் பொம்மை கீழே விழுந்ததும் பிக் அப் தெரியும். நமக்கு வரிசை தலைகீழ். அதனால்தான் இன்டர்வியூவில் பிரமாதமாகப் பேசும் பெண்ணுக்கு, அதே வெளிநாட்டு மேனேஜர் காபி மெஷின் பக்கத்தில் நின்று சாதாரணமாக இரண்டு வார்த்தை பேசினால் பாதி புரிவதில்லை. புத்தக ஆங்கிலத்தில் தவறே இல்லை, மெயிலுக்கும் ரிப்போர்ட்டுக்கும் அதுதான் வேண்டும். ஆனால் ஏர்போர்ட்டில் நிற்கும் நண்பனிடம் "ஐ வில் கலெக்ட் யூ" என்றால் பிரிட்டிஷ்காரருக்கு இயல்பாக இருக்கும், அமெரிக்கனுக்கு அவனைப் பார்சல் ஆக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

அதனால் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வேலை இதுதான். நோட்டில் பிக் அப் என்று எழுதி எதிரே பதினைந்து அர்த்தம் போடாதீர்கள். பிக் அப் ஸ்பீட், பிக் அப் த கிட்ஸ், பிக் அப் த ஃபோன், பிக் அப் எ கோல்ட் என்று ஜோடியோடு எழுதுங்கள், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு போதும், அன்றைக்கே எங்காவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் ஆன் என்று மூன்றாவதாக ஒன்றும் வந்து ஒட்டும், பிக் அப் ஆன், யாரும் சொல்லாமலே ஒரு விஷயத்தை மோப்பம் பிடிப்பது. வீட்டில் சண்டை நடந்திருக்கிறது என்று உள்ளே நுழைந்ததும் விருந்தாளிக்குத் தெரிந்துவிடுகிறதே, அது. அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

கடைசியாக, அடிக்கடி வரும் கேள்வி. கேப் டிரைவர் முதல் ஐடி கம்பெனி எச்ஆர் வரை நம் ஊரில் எல்லாரும் "ஐ வில் பிக் யூ அட் சிக்ஸ்" என்கிறார்கள், அப் இல்லாமல். "ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்" என்பதும் அப்படியே. தப்பா? இந்தியாவுக்குள் இது எல்லாருக்கும் புரிகிற ஆங்கிலம், இதற்காக யாரையும் திருத்திக்கொண்டு திரிய மாட்டேன், நானே அப்படி மெசேஜ் அனுப்புகிறவன்தான். வெளிநாட்டு க்ளையண்டுக்கு அனுப்பும்போது மட்டும் மறக்காமல் அப் போடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மணிக்கு ஏதோ போட்டியில் தன்னைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்ளலாம்.